பாங்கு கேட்டது, வாசல் அடைத்திருந்தது: பெருந்தொற்றில் தாராவித் தமிழ் முஸ்லிம்களின் வணக்கம்

2020 மார்ச் கடைசி வாரத்திலும் மும்பை தாராவியில் பாங்கு நிற்கவில்லை. ஐந்து வேளையும் ஒலிபெருக்கியில் வந்துகொண்டுதான் இருந்தது. "தொழுகைக்கு வாருங்கள், வெற்றிக்கு வாருங்கள்" என்று அரபியில் அழைத்து முடித்த கையோடு, பாங்கு சொல்லும் மோதினார் அதே மைக்கில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரும் பள்ளிக்கு வர வேண்டாம், அவரவர் வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள்" என்பார். முதலில் உருதுவில், அப்புறம் எங்கள் திருநெல்வேலித் தமிழில். கூப்பிட்ட வாயாலேயே வராதே என்றால் எப்படி என்று வாப்பாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. முதல் இரண்டு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

அந்த அறிவிப்பு ஒன்றும் கொரோனாவோடு பிறந்ததல்ல. நபிகள் நாயகத்தின் (ஸல்) தோழரும் சிற்றப்பா மகனுமான இப்னு அப்பாஸ், சேறும் சகதியுமான ஒரு மழைநாள் வெள்ளிக்கிழமையில் மோதினாரிடம், "தொழுகைக்கு வாருங்கள்" என்ற இடத்தில் "உங்கள் வீடுகளில் தொழுதுகொள்ளுங்கள்" என்று சொல்லச் சொன்னார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். "என்னைவிடச் சிறந்தவரே இப்படிச் செய்திருக்கிறார்" என்று நபியைக் காட்டிப் பதில் சொன்னார் அவர். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இது இருக்கிறது. குவைத்தில் 2020 மார்ச்சில் பாங்குக்குள்ளேயே அந்த வாக்கியத்தைச் சேர்த்தார்கள். கேட்டு அழுதவர்களின் காணொளி எல்லார் கைபேசிக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் பாங்கின் சொற்களில் கை வைக்காமல் பிறகு தனியாக அறிவித்தார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பெருந்தொற்று முஸ்லிம்களின் வணக்கத்தை எப்படி மாற்றியது என்று கேட்பவர்கள், ஏதோ பழைய சட்டத்தை நெருக்கடிக்காக வளைத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை சட்டத்துக்குள் இடம் தாராளமாகவே இருந்தது. மழை, கடுங்காற்று, நோய், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, உயிருக்கோ உடைமைக்கோ அச்சம் எல்லாமே பள்ளியில் கூடித் தொழும் ஜமாஅத்துக்குப் போகாமலிருக்கப் போதுமான காரணங்கள் என்று ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சட்டநூல்களே சொல்கின்றன. பச்சைப் பூண்டோ வெங்காயமோ தின்றவர் பள்ளிக்கு வந்து பக்கத்திலிருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுகூட ஹதீஸ் இருக்கிறது. பூண்டு வாடைக்கே அப்படியென்றால் வைரஸுக்குச் சொல்லவே வேண்டாம். இடம் இல்லாமல் போனது சட்டத்தில் அல்ல, வீட்டில்.

தாராவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே குடியேறினார்கள். படீ மஸ்ஜித் என்று ஊரே அழைக்கும் பெரிய பள்ளிவாசல் 1887-இல் தொடங்கியது. தாராவியின் முதல் பள்ளிவாசல் அது. 2020-இல் மாநகராட்சி சொன்ன கணக்குப்படி ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் எட்டரை லட்சம் பேர். பத்துக்குப் பத்து அடி அறை, அதில் ஏழெட்டுப் பேர், குழாயில் தண்ணீர் சில மணி நேரம், கழிப்பறை பொது. முதல் கொரோனா நோயாளி இங்கே பதிவானது ஏப்ரல் 1 அன்று.

இந்த அறையில்தான் "வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள்" என்பதை நடத்திக்காட்ட வேண்டும். இமாமாக ஒருவர் முன்னால், பின்னால் ஒரு ஸஃப் (வரிசை), அதற்குப் பின்னால் பெண்கள் என்று நிற்க வேண்டும் என்றால் அடுப்பையும் ட்ரங்குப் பெட்டியையும் எங்கே வைப்பது? நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். வாப்பாவும் நானும் தம்பியும் தொழும்போது உம்மாவும் மற்றவர்களும் மேலே மச்சில். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவுக்குக் குனிந்தால் தலை கட்டில் காலில் இடிக்கும். தொழும் திசையான கிப்லா சரியாகக் கதவுப் பக்கம் அமைந்ததால் சந்தில் போகிறவர்கள் எல்லாம் தொழுகைக்குக் குறுக்கே போகிறார்கள். தொழுபவருக்கு முன்னால் ஒரு மறைப்பு வைக்கச் சொல்லும் சுத்ரா விதி இருக்கிறதே, அதற்கு ஒரு தண்ணீர்க் குடம்.

அந்தக் குடத்துத் தண்ணீர்தான் அடுத்த பிரச்சினை. பள்ளியின் ஹவுழ் என்ற தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளுவைத் தாராளமாக எடுத்துப் பழகியவர்கள், ஐந்து வேளைக்கும் வீட்டுத் தண்ணீரைத் தொட வேண்டியதாயிற்று. இடையில் கைகழுவச் சொல்லும் அரசு விளம்பரம் வேறு. நபி (ஸல்) ஒரு முத்து (அரபு முகத்தலளவை) தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்ற ஹதீஸை மதரஸாவில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒரு முத்து என்பது இரண்டு கையையும் சேர்த்து அள்ளும் அளவு, முக்கால் லிட்டருக்கும் குறைவு. அதை உண்மையில் செய்து பார்த்தது அந்த ஏப்ரலில்தான். செய்ய முடிகிறது. ஒரு சொம்பு போதும்.

ஐவேளைத் தொழுகை இப்படி ஒருவாறு வீட்டுக்குள் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா வரவில்லை.

ஜும்மா வெறும் தொழுகை அல்ல; கூட்டம் அதன் நிபந்தனை. எவ்வளவு கூட்டம் என்பதில்தான் சட்டப் பிரிவுகளான மத்ஹபுகளுக்குள் வேறுபாடு. திருநெல்வேலி, மேலப்பாளையம், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த எங்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். ஹனஃபி முறையில் இமாமைத் தவிர மூன்று பேர் இருந்தால் ஜும்மா நிறைவேறும். காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களும் மும்பையின் கொங்கணி முஸ்லிம்களும் ஷாஃபிகள். அவர்களுக்கு ஊரில் நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆண்கள் வேண்டும். அரசு அனுமதித்ததோ இமாம், மோதினார், இரண்டு மூன்று பணியாளர்கள் மட்டும். ஆக, ஒரே தெருவில் ஹனஃபிப் பள்ளியில் ஐந்து பேரோடு ஜும்மா நடந்தது. ஷாஃபிகளின் பிரபலமான சட்டக் கருத்தின்படியோ ஐந்து பேரை வைத்து ஜும்மாவே கிடையாது, நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட வழக்கமான நண்பகல் தொழுகை லுஹர்தான்.

ஹனஃபிகளுக்கும் பிரச்சினை தீரவில்லை. ஜும்மா நடக்கும் இடத்தின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை உண்டு. பொது அனுமதி என்பார்கள். போலீஸ் பூட்டச் சொன்ன கதவு திறந்த கதவா? தொழ வருபவரைத் தடுக்கும் எண்ணத்தில் அல்ல, நோயைத் தடுக்கும் எண்ணத்தில்தான் அடைத்திருக்கிறது, ஆகவே நிபந்தனை கெடவில்லை என்று பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) விளக்கம் சொன்னார்கள். அப்படியானால் நாங்கள் நான்கு பேர் வீட்டிலேயே குத்பா (ஜும்மா உரை) ஓதி ஜும்மா நடத்தலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. இதில் கருத்து பிரிந்தது. எங்கள் மார்க்க ஆசான் ஹஜ்ரத், "குழப்பிக்காதீங்க பாய், லுஹர் தொழுங்க" என்று முடித்துவிட்டார். வீட்டுக்கு வீடு குத்பா என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்ற கவலை அவருக்கு.

வாப்பாவை வாட்டியது வேறு. அலட்சியத்தால் மூன்று ஜும்மாவை விட்டவரின் இதயத்தில் அல்லாஹ் முத்திரையிட்டுவிடுவான் என்ற ஹதீஸ். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் மூன்று ஆகிவிட்டது. அந்த ஹதீஸில் "அலட்சியத்தால்" என்ற சொல் இருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்ட ஹஜ்ரத் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: வழக்கமாகச் செய்யும் அமலை (நற்செயலை) நோயாலோ பயணத்தாலோ செய்ய முடியாமல் போனவருக்கு, ஊரில் ஆரோக்கியமாக இருந்து செய்த கூலியே எழுதப்படும். அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை மதியம் வாப்பா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

திரையில் இமாமைப் பார்த்துக்கொண்டே பின்பற்றித் தொழலாமா என்று இளைஞர்கள் கேட்டார்கள். வானொலி வந்த காலத்திலேயே கிளம்பிய கேள்வி அது. மொரோக்கோவைச் சேர்ந்த அஹ்மத் அல்-குமாரி என்ற அறிஞர் வானொலியில் கேட்டு ஜும்மாவைப் பின்தொடரலாம் என்று வாதிட்டார், பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. இமாமும் பின்னால் நிற்பவரும் ஒரே இடத்தில், ஸஃப் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2020-இலும் தீர்ப்பு பெரும்பாலும் அதுவேதான். பயான் (மார்க்கப் பேச்சு) கேட்கலாம், தொழுகையை மட்டும் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள முடியாது.

பயான் விஷயத்தில் நடந்தது எனக்குச் சுவாரசியமானது. மும்பையில் தமிழில் பயான் கேட்க இரண்டு மூன்று பள்ளிகளை விட்டால் வழியில்லை. பள்ளி எங்களுக்குத் தொழுமிடம் மட்டுமல்ல, வாரம் ஒருமுறை நாலு பேர் கூடித் தமிழில் யோசிக்கும் இடமும்கூட. அது பூட்டப்பட்டதும் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் ஊர் ஹஜ்ரத்துகள் நேரடியாக வீட்டுக்குள் வந்தார்கள். கடையநல்லூர்க்காரர் பயானை அந்தேரியில் கேட்கலாம். மும்பையில் பிறந்து வளர்ந்த என் தம்பி மகள், ஊர்த்தமிழில் அத்தனை மணி நேரம் பேச்சுக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 25-ஆம் தேதி ரமலான் பிறந்தது. நோன்பு தனியாள் வணக்கம், அதற்கு ஊரடங்கால் குறை இல்லை. இரவுத் தொழுகையான தராவீஹ்தான் சிக்கல். இருபது ரக்அத்தில் ஹாஃபிழ் ஒருவர் நாளுக்குக் கொஞ்சமாகக் குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதி முடிப்பார். வீட்டில் ஹாஃபிழ் ஏது? குர்ஆனைக் கையில் வைத்துப் பார்த்து ஓதலாமா என்றால் ஷாஃபிகளுக்கு ஆகும். இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்தில் தொழுகையே முறிந்துவிடும். ஆக எங்கள் வீட்டில் "அலம்தர"விலிருந்து கடைசிவரை உள்ள பத்துச் சின்ன சூராக்களையே (அத்தியாயங்களையே) இரண்டு சுற்று ஓதி முப்பது இரவும் கழிந்தன. இமாமாக நின்றது நான். முதல் நாள் எட்டாவது ரக்அத்தில் ஆயத்து (வசனம்) மறந்து நின்றேன். மேலே மச்சிலிருந்து பெண்கள் லேசாகக் கை தட்டும் சத்தம் வந்தது. இமாம் தவறினால் பெண்கள் கைதட்டி உணர்த்த வேண்டும் என்பது விதி. உம்மாவுக்குச் சிரிப்பு வேறு.

உம்மா அந்த ரமலானில் சொன்ன ஒன்று மறக்காது. ஆண்கள் எல்லாரும் பள்ளியை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, "நான் நாப்பது வருசமா வீட்டுலதான் தொழுறேன். இப்பத்தான் ஒங்களுக்கு வீட்டுல தொழுறது கஷ்டம்னு தெரியுதாக்கும்?" என்றாள். மும்பையில் பெரும்பாலான பள்ளிகளில் பெண்களுக்கு இடமில்லை. அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் தொழுகைப் பாய் விரிக்கும் கலையை அவள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஊரடங்கு முடிந்து நாங்கள் பள்ளிக்குத் திரும்பியபோது அவள் நிலைமையில் எந்த மாற்றமும் இல்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நோன்புக் கஞ்சியை விட்டுவிடக் கூடாது. மாலைத் தொழுகை அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளின் வரிசை அந்த வருடம் இல்லை. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், புதினா எல்லாம் அதே கணக்கில் போட்டு வீட்டில் காய்ச்சினோம். பெரிய அண்டாவில் கொதித்த ருசி சின்னச் சட்டியில் வரவே வராது.

பெருநாள் தொழுகையிலும் அதே ஹனஃபி–ஷாஃபி கதை. மே 25, 2020. ஷாஃபிகள் பெருநாள் தொழுகையைத் தனியாகவும் வீட்டில் தொழலாம். ஹனஃபிகளுக்கு அது ஜும்மா போல. நிபந்தனை கூடாதவர்கள் முற்பகலில் கடமையல்லாத நஃபிலாகச் சில ரக்அத் தொழுதுகொள்வது போதும். தொழுகை முடிந்ததும் மூன்று முறை கட்டித் தழுவும் வழக்கம் மட்டும் இரண்டு தரப்புக்கும் சேர்ந்தே போயிற்று. தழுவுவது சட்டத்தில் இல்லை, ஆனாலும் அது இல்லாமல் பெருநாள் பெருநாளாகவே இல்லை.

இதற்கிடையில் மே மாதம் ஊருக்குப் போகும் பேச்சு வந்தது. வேலை இல்லை, வாடகை நிற்கிறது, நோய் அடுத்த சந்தில் இருக்கிறது. ரயிலிலும் வாடகை வண்டியிலும் தாராவித் தமிழர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிக்குக் கிளம்பினார்கள். அங்கே கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திச் சளி எடுத்தார்கள். மராட்டியத்திலிருந்து வந்தவர்கள் பலருக்குத் தொற்று உறுதியாகி, ஊரில் எங்களைக் கண்டாலே விலகும் நிலை. எங்களுக்குள் வேறொரு கேள்வியும் ஓடியது. "ஒரு ஊரில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டால் அங்கே போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்துவிட்டால் அதற்குப் பயந்து ஓடி வெளியேறாதீர்கள்" என்பது நபிமொழி. அப்படியானால் ஊருக்குப் போவது பாவமா?

இந்த ஹதீஸுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கி.பி. 639 வாக்கில் சிரியாவை அம்வாஸ் கொள்ளைநோய் தாக்கியது. அங்கே போய்க்கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி), ஸர்க் என்ற இடத்தில் செய்தி கேட்டுத் திரும்ப முடிவெடுத்தார். "அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீரா?" என்று தளபதி அபூ உபைதா கேட்டார். "ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு" என்றார் உமர். ஒரு பக்கம் பசுமை, ஒரு பக்கம் வறட்சி என்றிருக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அவன் விதிப்படிதானே என்று உவமையும் சொன்னார். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் வந்து மேற்சொன்ன நபிமொழியை அறிவித்ததும் உமர் இறைவனைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார். அபூ உபைதா சிரியாவிலேயே இருந்தார். அந்த நோயிலேயே இறந்தார். அவருக்குப் பின் கொஞ்ச காலத்தில் பொறுப்புக்கு வந்த அம்ர் இப்னுல் ஆஸ், மக்களைக் குன்றுகளில் சிதறி இருக்கச் சொல்லி நோயைத் தணித்தார். சமூக இடைவெளி என்ற சொல் அப்போது இல்லை, அவ்வளவுதான்.

ஊருக்குக் கிளம்பியவர்களுக்கு ஆலிம்கள் சொன்ன பதில், ஹதீஸில் தடை "பயந்து ஓடுவதற்கு" மட்டுமே, வேலை, பிழைப்பு போன்ற தேவைக்காகப் போவதற்கு இல்லை என்பது. பழைய உரைகளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நிஜ வாழ்க்கையில் பசியையும் பயத்தையும் யார் பிரித்துப் பார்ப்பது? என் பக்கத்து வீட்டுக்காரர் மூட்டை கட்டிக்கொண்டே, "பாதி அது, பாதி இது" என்றார்.

கூடித் துஆ (பிரார்த்தனை) கேட்டால் நோய் போய்விடும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு 15-ஆம் நூற்றாண்டு கெய்ரோவின் ஹதீஸ் பேரறிஞர் இப்னு ஹஜர் பதில் எழுதி வைத்திருக்கிறார். தன் மகள்களையே கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். ஹிஜ்ரி 833-இல் மக்கள் நோன்பிருந்து பாலைவெளியில் கூட்டமாகப் பிரார்த்தனை செய்தார்கள். அதற்கு முன் நாளுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த சாவு பின்னர் ஆயிரத்தைத் தாண்டியது என்று அவர் பதிவு செய்கிறார்.

தில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் விவகாரத்தைச் சொல்லாமல் இந்தக் காலத்தை விளக்க முடியாது. மார்ச்சில் அங்கு நடந்த தப்லீக் என்ற மார்க்கப் பிரச்சார இயக்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களிடம் தொற்று கண்டறியப்பட்டதும், தாடியும் தொப்பியும் வைத்தவர் எல்லாம் நோய் சுமப்பவர் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு வெளிநாட்டு தப்லீகர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று கடுமையாகவே எழுதியது. ஆனால் ஏப்ரலில் எங்களுக்கு அந்தத் தீர்ப்பு கிடையாது. எங்கள் ஜமாஅத் பெரியவர்கள் அரசு சொன்னதைவிட ஒரு படி கூடுதலாகவே இறுக்கிப் பிடித்தார்கள் என்றால் அதில் மார்க்கம் பாதி, இந்தப் பயம் பாதி.

எல்லாவற்றையும்விடக் கனமானது மையித்து (சடலம்) விஷயம். முஸ்லிம் ஒருவர் இறந்தால் குளிப்பாட்ட வேண்டும், கஃபன் துணி சுற்ற வேண்டும், இறந்தவருக்கான ஜனாஸா தொழ வேண்டும், அடக்க வேண்டும். இந்த நான்கும் சமுதாயத்தின் மீது கடமை. சிலர் செய்தால் எல்லார் தலையிலிருந்தும் இறங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளி. 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் குளிப்பாட்டுவதையும் முத்தமிடுவதையும் தடுத்தது. பையின் முகப்பக்கத்தைத் திறந்து ஒருமுறை பார்க்கலாம், தொடாமல் ஓதலாம்.

குளிப்பாட்ட முடியாவிட்டால் தயம்மும், அதாவது தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணால் தடவுவது. உடலையே தொட முடியாவிட்டால்? பைக்கு மேலேயே தடவலாம் என்றனர் சிலர். முடியாத கடமை விழுந்துவிடும், நேரே தொழுது அடக்கலாம் என்றனர் சிலர். கஃபன் துணியைப் பைக்கு மேல் சுற்றினார்கள். கொள்ளைநோயில் இறந்தவர் ஷஹீத் (உயிர்த்தியாகி) என்ற ஹதீஸைச் சொல்லி, ஷஹீதைத்தான் குளிப்பாட்ட வேண்டாமே என்று ஆறுதல்பட்டவர்களும் உண்டு. சட்டப்படி அது சரியல்ல. குளிப்பாட்டாமல் அடக்கப்படுபவர் போர்க்களத்து ஷஹீத். நோயில் இறந்தவருக்கு மறுமையில் அந்தப் பதவி உண்டு, இம்மையில் குளிப்பும் உண்டு. இங்கே குளிப்பு விட்டுப்போனது வேறு வழியில்லாததால். இந்த நுணுக்கத்தை மரண வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் கூடாது.

அடக்குவதற்கே மும்பையில் ஒரு போராட்டம் நடந்தது. மார்ச் 30 அன்று மாநகராட்சி, கொரோனாவில் இறந்தவர்கள் எந்த மதத்தவரானாலும் எரிக்கப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்த சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றது. அடுத்து, பாந்த்ராவில் உள்ள முஸ்லிம் அடக்கத்தலங்களில் கொரோனா உடல்களை அடக்கக் கூடாது என்று குடியிருப்பாளர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய்த் திரும்பி வந்தது. மே 22 அன்று தலைமை நீதிபதி தீபாங்கர் தத்தா அமர்வு, சடலத்திலிருந்து தொற்று பரவும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை, கண்ணியமான அடக்கம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. மெரின் லைன்ஸ் படா கபரஸ்தானில் தன்னார்வலர்கள் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு உடல்களை இறக்கினார்கள். உறவினர்கள் வர முடியாத இந்து உடல்களையும் அவர்களே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஊரில் சாவு, நாங்கள் மும்பையில் என்றால் இன்னொரு சிக்கல். எதிரில் இல்லாத மையித்துக்குத் தொழும் காயிப் ஜனாஸா ஷாஃபிகளுக்கு உண்டு. அபிசீனிய மன்னர் நஜாஷிக்கு நபி (ஸல்) மதீனாவிலிருந்து தொழுததை ஆதாரம் காட்டுவார்கள். ஹனஃபிகளோ அது நபிக்கு மட்டுமே உரியது என்பார்கள். காயல்பட்டினத்து நண்பர் தன் பெரியம்மாவுக்கு மாட்டுங்காவில் நின்று தொழுதார். எங்களுக்கு அந்த வழி இல்லை. எங்களுக்குக் கிடைத்தது வாட்ஸ்அப் கத்தம் (குர்ஆனை முழுதாக ஓதி முடிப்பது): குழுவில் அதன் முப்பது ஜுஸ்உ பகுதிகளுக்கும் எண் போட்டு, திருநெல்வேலி, மும்பை, துபாய் என்று ஆளுக்கொன்றாக ஓதி, பெயருக்கு நேரே டிக் போட்டு, மூன்றாம் நாள் மக்ரிபுக்குப் பிறகு காணொளி அழைப்பில் ஹஜ்ரத் துஆ கேட்பார். பாதி துஆவில் யாராவது மைக்கை அணைக்க மறந்து குக்கர் விசில் அடிக்கும்.

பக்ரீத் ஆகஸ்டு 1. தேவனார் ஆட்டுச்சந்தை அந்த வருடம் கூடவில்லை. ஆட்டை இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்குங்கள், முடிந்தவரை குறியீட்டளவில் குர்பானி கொடுங்கள் என்று மாநில அரசு வழிகாட்டியது. "குறியீட்டளவில்" என்ற சொல்தான் கிளறிவிட்டது. ஹனஃபிகளுக்கு வசதியுள்ளவர் மீது குர்பானி வாஜிப் (கட்டாயம்), அந்த மூன்று நாளுக்குள் அறுத்தாக வேண்டும். பணமாகத் தர்மம் செய்வது நாள் தவறிப்போனால் மட்டும்தான். ஆனால் நமக்காக இன்னொருவர் இன்னொரு ஊரில் அறுக்க எப்போதும் தடையில்லை. கூகுள் பேயில் பணம் ஊருக்குப் போனது, ஆடு மேலப்பாளையத்தில் அறுபட்டது, கறி அங்கேயே ஏழைகளுக்குப் போனது. எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாம்பார்.

ஹஜ்ஜைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019-இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர் கூடிய இடத்தில் 2020-இல் சவுதியில் வசிப்பவர்கள் ஓராயிரம் பேர் மட்டும், 2021-இல் 60,000, 2022-இல்தான் வெளிநாட்டவருக்குக் கதவு திறந்தது. மும்பைக்கு இது முதல் தடவை அல்ல. 1896-இல் மாண்ட்வியில் பிளேக் வெடித்தபோது, அடுத்த ஆண்டு பம்பாயிலிருந்து ஹஜ் கப்பல்களையே பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. 2020-இல் நம்மை வீட்டில் உட்கார வைத்த கொள்ளைநோய்ச் சட்டமும் அந்த 1897-இல் பிறந்ததுதான். அப்போது சமரசம் இவ்வளவு எளிதாக இல்லை. 1898 மார்ச்சில் மதன்புராவில் ஒரு முஸ்லிம் நெசவாளர் வீட்டுப் பெண்ணைப் பரிசோதிக்க வந்தவர்களை எதிர்த்துக் கலவரமே நடந்தது. 2020-இல் அறிவிப்பு பள்ளி மைக்கிலிருந்து, நம் மொழியில், நம் ஹஜ்ரத் குரலில் வந்தது. வித்தியாசத்துக்குப் பெரும் காரணம் அது என்று நினைக்கிறேன்.

மத்திய அரசு ஜூன் 8-இல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அனுமதித்தும் மராட்டியம் திறக்கவில்லை. நவம்பர் 16, தீபாவளிப் பாட்வா அன்றுதான் திறந்தது. கம்பளங்கள் சுருட்டப்பட்டிருந்தன, ஹவுழ் காலி, பொதுத் தொப்பிக் கூடை காணோம். ஒளுவும் பாயும் வீட்டிலிருந்து. முகக்கவசம் அணிந்து தொழுவது சாதாரண நேரத்தில் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது), தேவை வந்தால் இல்லை. சானிடைசரில் ஆல்கஹால் இருக்கிறதே என்று பதறியவர்களுக்கு, திராட்சை, பேரீச்சை மதுவிலிருந்து எடுத்தது அல்ல, தடவலாம் என்று ஹனஃபி ஆலிம்கள் சொன்னார்கள்.

தொழுதது சங்கடமாக இருந்தது ஸஃபில்தான். "வரிசையை நேராக்குங்கள், இடைவெளியை நிரப்புங்கள்" என்று ஒவ்வொரு தொழுகைக்கு முன்பும் இமாம் சொல்வது வழக்கம். தோளோடு தோள், காலோடு கால். இப்போது தரையில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இரண்டு ஆள் நிற்கலாம். தொழுகை கூடும், இடைவெளி வெறும் மக்ரூஹ்தான், அதுவும் அவசியத்தால் நீங்கிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் முதல் ரக்அத்தில் பாதிப் பேர் தங்களை அறியாமல் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டார்கள். சலாம் கொடுத்து முடித்தபோது டேப்பில் நின்றவர் குறைவு.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலையோடு மறுபடி பூட்டு, மறுபடி வீட்டுத் தராவீஹ். தடுப்பூசி போட்டால் நோன்பு முறியுமா என்பது அந்த வருடக் கேள்வி; தசையில் ஏறும் ஊசி வயிற்றுக்குப் போகும் வழியல்ல, முறியாது. ஆவி பிடித்தால் முறியும். ஊசி போட்டுக்கொண்ட அன்று வாப்பா காய்ச்சலோடும் நோன்பை விடவில்லை. விடச் சலுகை இருக்கிறது என்றேன். "இருக்கு, எனக்கு வேண்டாம்" என்றார்.

மராட்டியத்தில் வழிபாட்டுத் தலங்கள் கடைசியாகத் திறந்தது 2021 அக்டோபர் 7. பத்து நாள் கழித்து மக்காவின் ஹரம் பள்ளிவாசலில் தரைக் குறிகளை உரித்து எடுத்தார்கள். அன்று இமாம் மீண்டும் "இடைவெளியை நிரப்புங்கள்" என்று சொன்னதை நாங்கள் கைபேசியில் பார்த்தோம். எங்கள் பள்ளியில் டேப்பை உரிக்க யாருக்கும் அவசரமில்லை, மேலே கம்பளத்தை விரித்துவிட்டார்கள். பொதுத் தொப்பிக் கூடை திரும்பி வரவேயில்லை. வீட்டிலேயே ஒளு எடுத்து வருபவர்கள் இன்றும் கணிசம், ஒரு சொம்புக் கணக்கு கைவந்துவிட்டது. கஞ்சி அண்டா மட்டும் அடுத்த ரமலான் முதல் நாளே அடுப்பேறிவிட்டது. பிள்ளைகள் தூக்குவாளியோடு லுஹரிலிருந்தே நின்றார்கள்.